மேடத்தின் நடுக்கம்

…அப்படியானால் தண்ணீர் இல்லை, தண்ணீரை மாற்றி ஒன்பது நாளாகிறது, குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்ததைத்தான் அந்தப் பாட்டில் மூடியில் ஊற்றுகிறேன், நடுக்கம் குறையவில்லை, ஆகவே தண்ணீரை அடித்துவிடலாம், அடித்தாகிவிட்டது. பழைய சர்வீஸ் படிவத்தின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், தண்ணீர், மண், தீனி, சூடு, ஈரம், அடிபட்டது, வயசு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு, கடைசியில் வயசின் மேலும் இன்று காலை ஒரு கோடு போட்டுவிட்டேன், ஏனென்றால் பெண் டரான்டுலாச் சிலந்தி இருபது வருடம்கூட இருக்கும் என்று மகள் சொல்கிறாள், இதற்கு ஒன்பதுதான் ஆகிறது. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன், நான்கை ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது, புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. அதே மாதிரிதான் இங்கேயும் செய்தேன். முதலில் தண்ணீர், மூன்று நாள் கழித்து மண், தேங்காய் நார்த்தூள் புதுசாக வாங்கி அடுப்பில் வறுத்துப் போட்டேன், பிறகு தீனிக்குச் சில்வண்டு வாங்கும் கடையை மாற்றினேன், பிறகு பெட்டிக்குக் கீழே இருந்த சூட்டுப் பாயைக் கழற்றினேன்... எல்லாம் முறைப்படி. முறைப்படி செய்தும் எங்கள் சிலந்தி மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உடைந்த பூத்தொட்டிக்கு வெளியே நிற்கிறது, முன்னங்கால்களில் இரண்டாவதைத் தூக்குகிறது, எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு நடுங்குகிறது. பிறகு தப்பான இடத்தில் வைக்கிறது. தன் காலையே மிதித்துக்கொள்கிறது. எட்டுக் கால் இருந்தும் தடுமாறுகிறது.

குரைக்காதது, சோபாவில் ஏறாதது, முடி கொட்டாதது எதுவானாலும் வாங்கிக் கொடுங்கள் என்று மகளின் அம்மா அன்றைக்குச் சொன்னாள், மகள் நாய்க்குட்டி கேட்டு மூன்று நாள் அடம்பிடித்தபோது. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் வாங்கி வந்தது இது, அப்போது என் கட்டைவிரல் நகம் அளவுதான், மருந்து டப்பாவுக்குள் இருந்தது, இப்போது என் உள்ளங்கை போதாது. (முடி கொட்டாது என்றது பொய், கோபம் வந்தால் பின்னங்காலால் முதுகு முடியைத் தேய்த்து உதறும், இரண்டு நாள் கை அரிக்கும்.) மேடம் என்று பெயர் வைத்தது மகள்தான். அவள் பள்ளி அலுவலகத்தில் ஒரு மேடம் இருந்தாராம், காலையில் உட்கார்ந்தால் மாலைவரை இருக்கையை விட்டு எழ மாட்டாராம், ஆனால் யார் தாமதமாக வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடுமாம். வீட்டுக்கு வந்த அன்றே அவள் அம்மா சொன்னாள், ஒன்று அது இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று. விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனால் ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் மேடம் இருந்தது, அவள் இல்லை. சிலந்தியால் ஒன்றும் போகவில்லை, போனதற்கு என்னைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை, வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷனோடு சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று கேட்டாள். மகளும் அம்மாவோடு போனாள், ரயிலில் மூன்று மணி நேரத் தூரம், அது நியாயம்தான். மேடத்தை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாது, ஆகவே மேடம் இங்கே, ஆகவே மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மகளும் இங்கே. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக இந்த அறைக்கு வருவாள், பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்வாள், மேடம் எப்படி இருக்கீங்க என்பாள், அதற்குப் பிறகுதான் அப்பா என்பாள். எனக்குப் பொறாமை இல்லை. இருந்தாலும் என்ன, வருகிறாளே, வந்தால் போதும் என்றுதான் இருந்தேன். பிறகு மாதத்துக்கு இரண்டு ஒன்றானது, ஒன்று, பரீட்சை முடியட்டும்பா என்றானது, இந்த ஐந்து வாரமாக அவள் வரவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து பார்த்தபோதுதான் அந்தக் கால் நடுங்கியது. தோல் உரிக்கப் போகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன், தோல் உரிப்பதற்கு முன்னால் அது சாப்பிடாது, அசையாது, மல்லாந்து படுத்துவிடும், முதல் தடவை அப்படிப் படுத்ததைப் பார்த்து நானும் மகளும் செத்துவிட்டது என்று அழுதிருக்கிறோம். ஆனால் இது அந்த மாதிரி இல்லை. மகளுக்குப் போன் செய்தேன். வழக்கமாக அவள் எடுக்க மாட்டாள், அப்புறம் பேசுறேன்பா என்று எழுத்தில் ஒரு செய்தி வரும், அந்த அப்புறம் வராது. அன்றைக்கு எடுத்தாள். மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்றேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவளே கூப்பிடுகிறாள், வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், வீடியோவில் மேடத்தைக் காட்டச் சொல்வாள், அது நகர்ந்ததா, குடித்ததா, எந்தக் கால் என்று கேட்பாள், ஒரு டாக்டரிடம் காட்டுப்பா என்பாள். காட்டினேன். பெட்டியின் மூடியைத் திறந்ததும் டாக்டர் இரண்டடி பின்னால் போனார், தான் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பதாகச் சொல்லிக் கையைக் கழுவிவிட்டார், நிஜமாகவே சோப்புப் போட்டுக் கழுவினார். அதை மகளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு... அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. பிறகு பேச்சு மெல்ல மேடத்தை விட்டு நகர ஆரம்பித்தது, கணக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடியது, தோழி பேசாமல் போனது, அம்மா வீட்டுக்கு வாங்கிய திரைச்சீலையின் நிறம், அதை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது, இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நாற்பது நிமிடம் பேசினோம், அதில் மேடத்தைப் பற்றி இரண்டு நிமிடம்கூட இருக்காது, நான்கூட ஏதேதோ பேசினேன், போனை வைத்த பிறகு நானா இவ்வளவு பேசினேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. நேற்று அவளுக்கு விடுமுறை, வீட்டிலிருந்து கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாகப் பேசினாள், மேடத்துக்கு சரியாகலன்னா சனிக்கிழமை வரேன்பா, சரியாயிட்டா பரீட்சை முடிஞ்சே வரேன் என்றாள். சரி கண்ணு என்றேன். நான் அப்படித்தான், எதற்கும் சரி.

இன்று காலை போன கட்டடத்தை ஏன் மறக்க முடியவில்லை? மூன்றாவது மாடியில் தினமும் பதினொரு மணி வாக்கில் லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடிக்கிறது, பன்னிரண்டு மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து கதவு மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள், போர்டை மாற்றியிருக்கிறார்கள், பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள், லிஃப்ட்டுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று காவலாளி தீர்மானமாகச் சொன்னார். நான் எதையும் கழற்றவில்லை. பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சும்மா நின்றேன். படிக்கட்டு ஜன்னலில் உடைந்துபோன மங்கல் கண்ணாடிக்குப் பதிலாகப் போன மாதம் யாரோ தெளிந்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அந்த நேரத்து வெயில் நேராக வந்து கதவு சென்சாரில் விழுகிறது, ஆள் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு கதவு மூடாமல் காத்திருக்கிறது, யாருமே இல்லாத வாசலில். என் தொப்பியைக் கழற்றி வெயிலுக்குக் குறுக்கே பிடித்தேன், கதவு மூடிக்கொண்டது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. கோளாறு உள்ள இல்லண்ணே, வெளியில இருக்கு என்று காவலாளியிடம் சொன்னேன், அவர் என்னை ஏதோ மந்திரவாதி மாதிரி பார்த்தார், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பைக்கில் திரும்பும்போது அந்த வார்த்தை மண்டையைக் குடைய ஆரம்பித்தது. கோளாறு உள்ளே இல்லை, வெளியில் இருக்கிறது... தண்ணீர், மண், தீனி, சூடு, ஈரம், என் பட்டியலில் இருந்ததெல்லாம் பெட்டிக்கு உள்ளே இருப்பது, பன்னிரண்டு நாளாக நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு ஒரு அங்குலம் வெளியே வரவில்லை.

ஆகவே இப்போது, சீருடையைக்கூட மாற்றாமல், மகளின் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைப் பார்க்காமல் அறையைப் பார்க்கிறேன். மேசை, அவள் விட்டுப்போன புத்தகங்கள், கதவுக்குப் பின்னால் அவளுடைய பழைய மழைக்கோட்டு, ஜன்னல். ஜன்னல் சாத்தியிருக்கிறது, நான்தான் சாத்தி வைத்தேன், குளிர் காற்று மேடத்துக்கு ஆகாது என்று. ஜன்னல் விளிம்பில் ஒரு ஈ மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு விட்டில். அதற்கப்பால் இரண்டு குட்டிப் பூச்சிகள், பெயர் தெரியாதவை, கால்கள் எல்லாம் மேலே. நேற்றுக் காலையும் கிடந்தன, அதற்கு முந்தைய நாளும், தினமும் காலையில் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் கொட்டுகிறேன், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு. லிஃப்ட் கம்பி ஓடும் கப்பிக்குக் கீழே ஒரு சிட்டிகை உலோகத் தூள் கிடந்தால் எந்தப் பக்கம் தேய்கிறது, எத்தனை மாதமாகத் தேய்கிறது என்று சொல்லிவிடுவேன், தூள் கிடந்தால் கூட்டாதே, முதலில் பார் என்று மற்றவர்களைத் திட்டுவேன். இங்கே பன்னிரண்டு நாளும் கூட்டியிருக்கிறேன். பிறகு அந்த வாசனை, இனிப்பாக, பூ மாதிரியும் இல்லாமல் மருந்து மாதிரியும் இல்லாமல், இந்த அறைக்குள் வந்தாலே வரும் வாசனை, மகளின் அறை வாசனை என்று மனசு எப்போதோ பெயர் வைத்துவிட்டது. மகள் ஐந்து வாரமாக வரவில்லை, அவளுடைய வாசனை எங்கிருந்து வரும்? குனிந்தேன். கட்டிலுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, பிளக்கில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கொசு விரட்டி.

கடைசியாக அவள் வந்துபோன மறுநாள் அவள் அம்மா கூப்பிட்டாள், பல மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய ஒரே வாக்கியம் அது, பொண்ணு கை பூரா தடிப்பு, உங்க வீட்ல என்ன கொசுப் பண்ணையா வெச்சிருக்கீங்க என்றாள். அன்றே போய் வாங்கினேன், மருந்துப் புட்டி செருகி மின்சாரத்தில் சூடாகும் வகை, இரவும் பகலும் எரியட்டும், அடுத்த தடவை அவள் வரும்போது ஒரு கொசு இருக்கக் கூடாது, கொசுவைச் சாக்கு வைத்து அவளை வராமல் நிறுத்தக் கூடாது... அது ஒன்றுதான் என் நினைப்பில் இருந்தது. ஜன்னலைச் சாத்திய அறை, நிற்காமல் எரியும் மருந்து, பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து, அதிலிருந்து நாலடி தூரத்தில் ஒரு பெட்டி, பெட்டி மூடியில் காற்றுக்காக நானே துளையிட்ட இருபது ஓட்டை, உள்ளே மேடம். கொசுவுக்கு ஒரு மூச்சில் முடிந்துவிடும், மேடம் பெரியது, ஆகவே மெல்ல மெல்ல. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ஜன்னல் விளிம்பே சொல்கிறது. கட்டிலை இழுத்து, கையை நீட்டிப் பிடுங்கினேன், சூடாக இருந்தது, புட்டியில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது. பாதிக்கு மேல்... அது எப்படி? ஐந்து வாரமாக எரிவதில் பாதிக்கு மேல் எப்படி இருக்கும்? ஏனென்றால் போன புதன்கிழமை அது தீர்ந்துபோய் நான் புதுப் புட்டி மாட்டினேன். போன புதன்கிழமை, மேடம் நடுங்க ஆரம்பித்த ஆறாவது நாள். இதே இடத்தில், இதே மாதிரி முட்டி போட்டு, பழையதைத் திருகிக் கழற்றிப் புதியதைத் திருகினேன், எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்து, என்ன மேடம் இன்னும் சரியாகலையா என்று கேட்டேன்.

பெட்டியைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன், புட்டி சட்டைப் பையில் இருக்கிறது, அதை எங்கே போடுவது என்று தோன்றவில்லை. செய்ய வேண்டியதைக் கை தானாகச் செய்கிறது, நல்ல கை, இருபத்தாறு வருடப் பழக்கம். கேள்வி அது இல்லை. எரிந்த மோட்டார்ச் சுருளின் வாசனையை இரண்டு மாடிக்குக் கீழே நின்று கண்டுபிடிப்பவன் நான், இன்று காலை ஒரு வெயிலைப் பத்து நிமிடத்தில் பிடித்தவன், என் வீட்டில், என் மூக்குக்குக் கீழே இருந்ததற்குப் பன்னிரண்டு நாள் ஏன் ஆனது? கவனம் இல்லை என்று சொல்லலாம், வயசாகிறது என்று சொல்லலாம். ஆனால் புட்டியை மாட்டியபோது அட்டைப் பெட்டியில் பூச்சி படம் போட்டு அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்ததே, அதைப் பார்த்தேனே, பார்த்தபோது உள்ளுக்குள் ஏதோ ஒன்று லேசாக, கதவு மூடும்போது ஒரு நொடி தயங்குமே, அந்த மாதிரி தயங்கியதே... தயங்கியதா? இப்போது நானாகக் கட்டிக்கொள்கிறேனா? தயங்கியது. அன்றைக்கும் ஆறரைக்கு அவள் கூப்பிட்டாள், வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி கதை அன்றைக்குத்தான். மேடம் நடுங்குகிறவரை போன் வரும். இதை நான் நினைக்கவில்லை, இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. நினைக்காமலே எல்லாவற்றையும் சரியாக, ஒவ்வொன்றாக, மூன்று மூன்று நாள் இடைவெளி விட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவு மெதுவாக நான் எந்த லிஃப்ட்டையும் பார்த்ததில்லை. என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆறரை. போன் அடிக்கிறது. வீடியோவை மேடத்தின் பக்கம் திருப்பினேன், என் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பது வசதியாக இருந்தது. அவளுக்குப் பின்னால் பேருந்துகள் உறுமின.

"அப்பா, மேடத்த ஏன் ஹாலுக்குக் கொண்டு வந்துட்ட?"

"காத்து வரட்டும்னுதான்."

"என்ன காரணம்னு தெரிஞ்சுதாப்பா?"

சட்டைப் பையில் புட்டி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சொல்ல எடுத்த வார்த்தை தெரிஞ்சிருச்சு என்பது, தொண்டைவரை வந்தது, சரியாயிட்டா பரீட்சை முடிஞ்சே வரேன் என்று நேற்று அவள் சொன்னதும் கூடவே வந்தது. "இன்னும் தெரியல கண்ணு. தேடிட்டுத்தான் இருக்கேன்."

அவள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, சனிக்கிழமை எப்படியும் வருவதாகச் சொன்னாள், டிக்கெட் போன வாரமே எடுத்துவிட்டாளாம். எனக்குப் புரியவில்லை. சரியாகிவிட்டால் வர மாட்டேன் என்றாயே என்று கேட்டேன்.

"நேத்து அம்மா பக்கத்துல இருந்தாங்கப்பா. பரீட்சை நேரத்துல அப்பாவப் பாக்கப் போறேன்னா விடமாட்டாங்க. மேடத்துக்கு ஒடம்பு சரியில்லன்னா விட்டுருவாங்க. அதான் மேடத்தச் சொன்னேன்."

இப்போது சொல்ல வேண்டும், இந்த நொடியில், தெரிந்துவிட்டது, நான்தான், கொசு மருந்து, கேட்டவுடன் பொய் சொல்லிவிட்டேன் என்று. ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் காரணம், இப்போது சொன்னால் அதோடு பொய்யும் சேர்ந்து வரும், ஏன் மறைத்தாய் என்று கேட்பாள், ஏன் என்று நான் எந்த வாயால் சொல்வது? அவள் சனிக்கிழமை வருவாள், செருப்போடு நேராக உள்ளே வருவாள், குத்துக்காலிட்டு உட்கார்வாள். என்னைப் பார்க்க வருகிறாளாம். மேடத்தை வைத்து அவள் அம்மாவை ஏமாற்றுகிறாள், மேடத்தை வைத்து நான் அவளை ஏமாற்றுகிறேன், எங்கள் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு அது நிற்க முடியாமல் நிற்கிறது. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, மேடம் இரண்டாவது காலைத் தூக்கியது, அந்தரத்தில் வைத்துக்கொண்டு நடுங்கியது, நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், எங்கே வைக்கப் போகிறது என்று.

"நான் வர்ற வரைக்கும் தாங்கும்லப்பா?"

தாங்கும் என்றேன். பேருந்து வந்துவிட்டது, நாளைக்குக் கூப்பிடுறேன்பா என்று வைத்துவிட்டாள். படிவத்தைத் திருப்பினேன், முன்பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள், கோளாறு, காரணம், செய்த வேலை, கையெழுத்து. கோளாறு என்ற இடத்தில் நடுக்கம் என்று எழுதினேன். செய்த வேலை, பெட்டி இடம் மாற்றப்பட்டது, ஜன்னல் திறக்கப்பட்டது. நடுவில் உள்ள காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இதை யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதினால் என்ன, எழுதேன்... இவ்வளவு காலமாக எத்தனையோ கட்டடங்களில் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்லையே, கை ஏன் நேராகக் கையெழுத்துக்குப் போகிறது?